எள்ளுக்கு இன்னும் காட்டுப் புத்தி

எள் அறுப்பில் நாள் பார்ப்பதுதான் பெரும்பாடு. அடியில் இருக்கும் காய் முதலில் முற்றும், நடுவில் இருப்பது அப்புறம். உச்சியில் அப்போதும் பிஞ்சு நிற்கும். அடிக்காய் பழுப்பேறி வாய் பிளப்பதற்குள் செடியை அறுத்தாக வேண்டும். சில நாள் தள்ளிப்போய், கூடவே கொஞ்சம் காற்றும் அடித்தால், விளைச்சலில் ஒரு பங்கு மண்ணுக்குப் போய்விடும். அதனால் மேல்காய் பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்தண்டு வெளிப்பக்கமும் நுனி உட்பக்கமுமாக வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, மூன்று நாள் போலப் புழுங்க விடுகிறார்கள். உள்ளே சூடும் ஈரமும் ஏறி இலை கழன்றுவிடும், காய் பழுத்துவிடும். பிறகு வெயிலில் பரப்பிக் காயவைத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினால் எள் கொட்டும். முக்கால்வாசி முதல் நாளே வந்துவிடும். மிச்சத்துக்கு இன்னொரு நாள் வெயில், இன்னொரு உதறல்.

நெல்லுக்கோ கோதுமைக்கோ இந்தப் பாடு கிடையாது. முற்றிய கதிர் ஆள் வரும்வரை தாளிலேயே நிற்கும். எள் மட்டும் ஏன் அவசரப்படுகிறது? புதிதாக வந்த பயிர் என்றும் சொல்ல முடியாது. அதன் தாய்வீடு இந்தியத் துணைக்கண்டம். மலபார்க் கரையில் வளரும் காட்டெள் அதன் நெருங்கிய உறவு. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உழவர் கையில் இருந்தும், விதையைத் தானே சிதறும் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அது விடவில்லை.

காட்டில் இருக்கும் செடிக்கு அந்தப் பழக்கம்தான் உயிர். விதை முற்றியதும் தாயை விட்டு விலக வேண்டும். இல்லையென்றால் பறவைக்கும் எலிக்கும் தீனி, அல்லது தாயின் நிழலிலேயே முளைத்து நெருக்கியடித்துச் சாவு. நாம் நல்ல குணம் என்று மெச்சும் உதிராத கதிர், செடியின் பக்கமிருந்து பார்த்தால் ஓர் ஊனம். மக்காச்சோளத்தைப் பாருங்கள். மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பகுதியில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு தியோசிந்தே என்னும் புல்லிலிருந்து பிரிந்து வந்தது அது. தியோசிந்தேயின் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள்தான். ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள் இருக்கும், முற்றியதும் தனித்தனியாகக் கழன்று விழும். மக்காச்சோளமோ நூற்றுக்கணக்கான மணிகளை ஒரே தண்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குமேல் தோகையையும் போர்த்திக்கொள்கிறது. மனிதன் உரித்து விதைக்காவிட்டால் சில தலைமுறைக்குள் அதன் கதை முடிந்துவிடும்.

ஆக, பிழைக்கத் தெரியாத செடிகள்தான் பயிராகியிருக்கின்றன. இது எப்படி நடந்தது என்பதற்குப் பள்ளிப் புத்தகம் சொல்லும் விடை, நம் முன்னோர் நல்ல விதைகளாகப் பார்த்துப் பொறுக்கி விதைத்தார்கள் என்பது. முன்னோர்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்த விடை அவர்களுக்குக் கொடுக்கும் பெருமை கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. உதிராத கதிரை யாரும் தேடிப் போகவில்லை. அறுப்பு எப்படி நடந்தது என்பதே தேர்வை நடத்திவிட்டது.

அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாக் ஹார்லன் 1966-இல் தென்கிழக்குத் துருக்கியின் கரஜாதாக் மலைச் சரிவில், சிக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளோடு காட்டுக் கோதுமைக்குள் இறங்கினார். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுத்தமான தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் உழைத்தால் ஓராண்டில் தின்று தீர்க்க முடியாத அளவு தானியம் சேர்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கோதுமையின் கதிர்த்தண்டு முற்றியதும் கணு கணுவாக உடைந்து உதிரும். அரிவாள் கதிரைப் பற்றி இழுக்கும் அந்த அதிர்விலேயே பழுத்த மணிகள் பாதி வழியில் விழுந்துவிடும். ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்றிரண்டில் மரபணுக் கோளாறால் கதிர்த்தண்டு உடையாமல் நின்றால், அதன் மணிகள் முழுசாகக் கட்டுக்குள் வந்து சேரும். வயலில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது, கூடையில் அதைவிடச் சற்று அதிகப் பங்கு பிடிக்கும்.

அடுத்த அறுவடை எந்த மணிகளிலிருந்து முளைக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். கூடையில் வந்ததெல்லாம் அடுப்புக்குப் போய், தரையில் சிந்தியது தானாக முளைத்தால், ஆண்டுதோறும் உதிரும் வகைதான் பெருகும். உதிராதது சோறாகித் தீர்ந்துபோகும். கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் புது நிலத்தில் தூவினால் மட்டுமே தராசு மறுபக்கம் சாயும். கதிர் பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் அதுவும் நடக்காது. எதுவுமே உதிராத நேரத்தில் உதிரும் குணத்துக்கும் உதிராத குணத்துக்கும் வேறுபாடு ஏது?

எள்ளின் கதை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. காய் வெடிப்பதற்கு முன்பே அறுத்து, போர் போட்டு, ஒரு மணியும் வீணாகாமல் உதறி எடுக்கிற நம் உழவரின் கெட்டிக்காரத்தனம் எள்ளின் காட்டுக் குணத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் காவல் நின்றிருக்கிறது. வெடிக்கும் காயும் வெடிக்காத காயும் ஒன்றாகவே களத்துக்கு வந்தன. கொஞ்சம் சோம்பேறிகளாக இருந்து, முற்றிய பிறகு அறுத்து, மிஞ்சியதை விதைத்திருந்தால் எள் எப்போதோ பணிந்திருக்கலாம்.

அறுக்கும் முறை செடியின் தலையெழுத்தை மாற்றும் என்பதற்கு வட அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே பேரேரிகளைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் ஒரு காட்டரிசி விளைகிறது. நம் நெல்லுக்குத் தூரத்து உறவுதான். ஒஜிப்வே மக்கள் அதை மனூமின் என்கிறார்கள். இரண்டு பேர் தோணியில் போவார்கள். ஒருவர் கோலூன்றித் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரைத் தோணிக்குள் வளைத்து இன்னொரு குச்சியால் மெல்லத் தட்டுவார். பழுத்த மணி தோணியில் விழும். தப்பியது தண்ணீரில் விழுந்து சேற்றில் புதைந்து மறு ஆண்டுக்கு முளைக்கும். நன்றாக உதிரும் மணிகளைத்தான் இந்த முறை விரும்புகிறது. எத்தனையோ தலைமுறையாக அறுத்தும் மனூமின் காட்டுச் செடியாகவே இருந்தது. 1960-களில்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் உதிராத செடிகள் சிலவற்றைக் கண்டெடுத்தார்கள். அவற்றிலிருந்து வயலில் போட்டு இயந்திரத்தால் அறுக்கும் ரகங்கள் வந்தன. இன்று கடைகளில் விற்கும் காட்டரிசியில் பெரும்பகுதி மின்னசோட்டா, கலிபோர்னியா வயல்களில் விளைவது. நமக்கும் அந்நியமான சங்கதியில்லை இது: வட இந்தியாவில் விரத நாள்களில் சமைக்கும் தின்னி அரிசியும் குளக்கரைக் காட்டு நெல்லிலிருந்து சேகரிப்பதுதான்.

அரிவாள் அறுப்பும் மறுவிதைப்பும் சேர்ந்தால் எத்தனை ஆண்டில் ஒரு புல் பயிராகும்? 1990-இல் கார்டன் ஹில்மனும் ஸ்டூவர்ட் டேவிஸும் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்து, கணக்கும் போட்டு, எல்லாம் ஒத்துவந்தால் 20, 30 ஆண்டு போதும், எப்படியும் 200 ஆண்டுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். அழகான கணக்கு. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்று அதற்கு ஒத்துவரவில்லை. ஜப்பானியரான கென்-இச்சி தன்னோவும் ஜார்ஜ் வில்காக்ஸும் சிரியா, துருக்கிப் பகுதித் தளங்களின் கருகிய கோதுமையை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டதில், உதிராத வகையின் பங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மெல்ல மெல்லத்தான் ஏறியிருந்தது. அதுவரை இரண்டும் ஒரே வயலில் கலந்தே நின்றிருக்கின்றன.

நெல்லுக்கும் அப்படியே. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் தியான்லுவோஷான் என்றொரு தளம். சதுப்புமண் காற்றுப் படாமல் மூடி வைத்திருந்ததால் நெல்லின் அடிக்காம்புத் துண்டுகள் அங்கே கெடாமல் கிடைத்தன. உமியும் அரிசியும் சொல்லாததை இந்தத் துண்டு சொல்லும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், தானாக உதிர்ந்த காட்டு நெல்லின் அடித்தழும்பு வட்டமாக, வழவழப்பாக, நடுவில் சின்னத் துளையோடு இருக்கும். அடித்துப் பிரித்த நெல்லின் தழும்பு பிய்த்தெடுத்தது போலக் கரடுமுரடாக, பள்ளமாக இருக்கும். டோரியன் ஃபுல்லரும் சீனத் தொல்லியலாளர்களும் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பிரித்தார்கள். சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் உதிராத வகை 27 விழுக்காடு. முந்நூறு ஆண்டு கழிந்த அடுக்கில் 39. முந்நூறு ஆண்டு என்றால் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. வயலில் நின்ற யாருக்கும் எதுவும் மாறுவதாகத் தெரிந்திருக்காது.

அந்தத் தழும்பின் காரணம் 2006-இல் மரபணு மட்டத்திலும் கிடைத்தது. நெல்மணியும் காம்பும் சேருமிடத்தில் மெல்லிய சுவருடைய செல்கள் ஓரடுக்காக இருக்கும். மணி முற்றியதும் அந்த அடுக்கு கரைந்து மணியைக் கழற்றிவிடும். இந்த அடுக்கு சரியாக உருவாக எஸ்எச்4 என்ற மரபணு வேண்டும். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது உண்டாக்கும் புரதத்தில் லைசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அஸ்பாரஜின் வந்துவிட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாவோ சாங் குழு இதைக் கண்டுபிடித்தது. விளைவாக அந்தச் செல் அடுக்கு அரைகுறையாக நின்றுவிடுகிறது. முற்றிலும் இல்லாமல் போகவில்லை, அரைகுறையாகிறது. இந்த அரைகுறையில்தான் நம் சோறு இருக்கிறது. வயலில் உதிரக் கூடாது. களத்தில் கட்டை எடுத்து அடித்தால் உதிர்ந்தே ஆக வேண்டும். அடித்தும் விழாத நெல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜப்பானிய வகை நெல்லில் இன்னொரு மரபணு மாற்றமும் சேர்ந்ததால் பிடி இன்னும் இறுகியது. நம் பக்கத்து இண்டிகா வகைகள் பொதுவாக எளிதில் அடிபடும்.

எள்ளில் இந்த நடுவழி கிடைக்காமல்தான் சிக்கல் வந்தது. 1943-இல் வெனிசுலாவில் டெரால்ட் லாங்ஹாம் என்ற அமெரிக்கர் காய் வெடிக்காத எள் செடி ஒன்றைக் கண்டெடுத்தார். உலகமே தேடிக்கொண்டிருந்த செடி. இனி எள்ளையும் இயந்திரத்தில் அறுக்கலாம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தக் காய் வயலிலும் திறக்கவில்லை, களத்திலும் திறக்கவில்லை. பலமாக அடித்தால் காய் உடைவதற்கு முன் எள் நசுங்கியது; எண்ணெய் வித்து நசுங்கினால் கெட்டுப்போகும். அவருடைய மகன் ரே லாங்ஹாம் பல பத்தாண்டுகள் உழைத்துத்தான், நுனி மட்டும் லேசாகத் திறந்து உள்ளே விதையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகங்களை அமெரிக்காவில் வளர்த்தெடுத்தார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எள் இன்னமும் பெரும்பாலும் கையால் அறுத்துக் கையால் உதறுவதுதான்.

உதிர்வைப் போலவே செடிக்கு உயிராக இருந்து நமக்கு இடைஞ்சலான இன்னொரு குணம் விதை உறக்கம். காட்டு விதைகள் மழை பெய்ததும் மொத்தமாக முளைத்துவிடுவதில்லை. சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பிறகு. முதல் மழை ஏமாற்றினாலும் வம்சம் தப்பும். உழவருக்கு இது ஆகாது. விதைத்தால் ஒரே வாரத்தில் வயல் முழுக்கப் பச்சை தெரிய வேண்டும்.

பயறு வகைகளில் இந்த உறக்கம் தோலில் இருக்கிறது. பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டும் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்: இரவெல்லாம் ஊறியும் நாலைந்து மணி மட்டும் கல்லாகவே கிடக்கும், பல்லில் பட்டால் தெரியும். தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை என்று பொருள். காட்டுப் பயறில் பெரும்பாலான விதைகள் அப்படித்தான் இருக்கும். நம் பாத்திரத்தில் மிஞ்சியிருப்பது அதன் எச்சம். கொள்ளில் இந்தத் தோல் எப்படி மாறியது என்பதை 2017-இல் சார்லீன் மர்ஃபியும் ஃபுல்லரும் நேரடியாகவே அளந்தார்கள். கொள்ளு இந்தியாவிலேயே பயிரானது. தென்னிந்தியப் புதிய கற்கால மக்களின் முக்கியப் பயறுகளில் ஒன்று. இந்தியத் தளங்களில் அகழ்ந்தெடுத்த கொள்ளு மணிகளை இங்கிலாந்தின் டைமண்ட் சிங்க்ரோட்ரான் கூடத்துக்குக் கொண்டுபோய், உடைக்காமலே எக்ஸ் கதிரால் உள்ளே பார்த்தார்கள். காலம் செல்லச் செல்லத் தோல் மெலிந்துகொண்டே வந்திருந்தது. தோல் மெலிந்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், விதைத்ததும் முளைக்கும். வேகவும் விறகு குறைவாகப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். கொள்ளை வேகவைத்தவர்களுக்கு அது சின்ன லாபமாகத் தெரியாது.

நெல்லில் உறக்கம் வேறு விதம். வேடிக்கையாக, அது நிறத்தோடு பிணைந்திருக்கிறது. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் காரணமான ஆர்சி என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போனதால் வந்தது வெள்ளை அரிசி. உலகின் வெள்ளை அரிசி ரகங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பது இதே 14 எழுத்து இழப்புதான். ஏதோ ஒரு வயலில் ஒரு தடவை நேர்ந்தது கைமாறிக் கைமாறி உலகெங்கும் போய்விட்டது. மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் அந்த மாற்றத்துக்குத் தப்பியவை. களைநெல்லில் நடந்த ஆய்வொன்று, இதே மரபணு விதை உறக்கத்தையும் கூட்டுகிறது என்று 2011-இல் காட்டியது. சிவப்பரிசி எல்லாமே உறங்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது, உறக்கத்தில் வேறு பல மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் வெள்ளையைத் தேர்ந்தவர்கள், தெரியாமலே விரைந்து முளைப்பதையும் சேர்த்துத் தேர்ந்திருக்கிறார்கள்.

அதற்கான விலையை டெல்டா உழவர்கள் தருகிறார்கள். அறுவடைக்கு நிற்கும் கதிர்மேல் நாலு நாள் அடைமழை பெய்து பயிர் சாய்ந்தால், நெல் கதிரிலேயே முளைவிடும். காட்டு நெல் இப்படி அவசரப்படாது. இப்போது ரகம் உருவாக்குகிறவர்கள், அறுத்த பிறகு சில வாரம் மட்டும் உறங்கி, விதைக்கும் நேரத்துக்கு விழித்துக்கொள்ளும் நெல்லைத் தேடுகிறார்கள். தொலைத்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்கிறோம்.

மனிதக் கை பயிரை மட்டும் மாற்றவில்லை, பயிரல்லாததையும் மாற்றியது. நெல் வயலில் வளரும் குதிரைவாலிப் புல்லின் ஒரு வகை, நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும். அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். களையெடுப்பவர் கண்ணுக்குத் தப்பியவை மட்டுமே விதை வைத்தன. ஆண்டுதோறும் இப்படித் தப்பித் தப்பி, தப்புவதே அதன் உருவமாகிவிட்டது. சீனாவின் யாங்சே சமவெளியில் இந்த வேடம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று 2019-இல் அதன் மரபணுத் தொகுதியை வைத்துக் கணித்தார்கள். ரஷ்யர் நிகோலாய் வவிலோவ் இந்தப் போக்கை நூறாண்டுக்கு முன்பே கவனித்திருந்தார். கோதுமை வயலில் களையாக ஒட்டிக்கொண்டு வந்த ரை, குளிரும் மோசமான மண்ணும் உள்ள வடக்கே போகப் போகக் கோதுமை நொடித்துப்போக, தானே பயிராகி நின்றது என்று அவர் விளக்கினார்.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. களைநெல் என்பது நெல் வயலிலேயே நெல்லோடு முளைத்து, நெல்லுக்கு முன்னால் முற்றி, அறுவடைக்குள் தன் மணிகளை உதிர்த்துவிட்டு நிற்பது. உதிர்ந்தது மண்ணில் உறங்கி அடுத்த பருவத்தில் எழும். கேரளத்தில் இதை வரிநெல் என்கிறார்கள். பார்த்தால் காட்டு நெல் வயலுக்குள் புகுந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அமெரிக்கக் களைநெல்லின் எஸ்எச்4 மரபணுவைப் படித்தபோது, உதிராமைக்குக் காரணமான அந்தப் பயிர் நெல்லின் எழுத்து மாற்றம் அதில் அப்படியே இருந்தது. அதாவது அது பயிராக இருந்து திரும்பிப் போன நெல்லின் வாரிசு. அடைத்த வாசலை அது திறக்கவில்லை. வேறு மரபணுக்களின் வழியாகப் புது வாசல் போட்டுக்கொண்டது.

நடவு வயலில் களைநெல் தலையெடுப்பது கடினம். நாற்று பிடுங்கி வரிசையில் நடும்போது, தண்ணீருக்கடியில் கிடக்கும் விதை முளைப்பதில்லை. முளைத்தாலும் வயதில் பிந்திவிடும், வரிசையிலும் சேராது. நடவுக்கு ஆள் கிடைக்காமலும் தண்ணீர் போதாமலும் நேரடி விதைப்புக்கு மாறும் இடங்களில்தான் அது பெருகுகிறது. மலேசியா, வியட்நாம், இலங்கை, கேரளம் எல்லாம் இதை அனுபவித்தவை. நெல்லைக் கொல்லாமல் களைநெல்லை மட்டும் கொல்ல மருந்தில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே இனம். இதற்காக 2002-இல் அமெரிக்காவில் இமாசெதாபிர் வகை களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லை வெளியிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே மகரந்தக் கலப்பால் அந்தத் தாங்கும் குணம் ஆர்கன்சா வயல்களின் களைநெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. 2021-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதே மருந்தைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களை நேரடி விதைப்புக்காக வெளியிட்டிருக்கிறது. அவற்றை விதைக்கிற வயல்களில், மருந்தடித்த பிறகும் நிமிர்ந்து நிற்கும் களைநெல்லைப் பூப்பதற்கு முன் கையால்தான் பிடுங்கியாக வேண்டும்.